முதல் புள்ளி

கல்யாணமான முதல் சாகுபடிப் பட்டத்திலேயே என் தங்கச்சியைக் கைப்பையோடு எங்கள் ஊரான கூட்டேரிப்பட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார் அவள் மாமியார். பனமலையில் அவர்கள் போட்ட மல்லாட்டை, வேர்க்கடலைப் பயிர், முழுக்கக் காய்ந்துபோயிருந்தது. பங்காளிகள் கொல்லை நிலமும் அதே கதி. "இவ காலெடுத்து வச்ச நேரம்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். மாப்பிள்ளை வாயில் கொழுக்கட்டை.

நான் பயிர்நோய் படித்தவள். ராசியாம், மண்ணாங்கட்டியாம். செடியைப் பிடுங்கிப் பார்த்தேன், பூஞ்சையால் வந்த வேரழுகல். நோய் வந்த வழியைக் காட்டிவிட்டால் தங்கச்சி திரும்பிப் போய் வாழலாம் என்று நம்பினேன்.

கொல்லை கொல்லையாக நடந்து, செடி எப்படி, விதை யாருடையது என்று கேட்டு எழுதினேன். எழுதியதைப் படித்தால் ஒன்றும் பிடிபடவில்லை. திண்டிவனத்தில் என் அறைக்கு வந்து, ஊர் வரைபடத்தின்மேல் வாடிய கொல்லைக்குச் சிவப்பும் பிழைத்ததற்குப் பச்சையும் வைத்தேன். ஒரே வாய்க்கால், ஒரே வரப்பு, ஆனால் ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. விதை போன வழியைக் கோடாக இழுத்தேன். சிவப்பெல்லாம் மாமியார் வீட்டில் வந்து முடிந்தது. அங்கிருந்து ஒரே ஒரு நீளக் கோடு எங்கள் வீட்டுக்கு.

சீரோடு நாங்கள் அனுப்பிய விதை மூட்டை. புது மருமகள் கொண்டுவந்த விதை என்று, ஆளுக்கொரு படி பங்காளிகளுக்கு அளந்து கொடுத்திருந்தார் மாமியார். அப்பாவைக் கேட்டேன். "போன வருசமே நம்ம கொல்லையில அங்க ஒண்ணு இங்க ஒண்ணு காஞ்சிது, அத யாரு பாத்தா" என்றார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குற்றவாளி பூஞ்சை, பெண் இல்லை. இதைவிடச் சாட்சி வேண்டுமா? படத்தைப் பெரிதாக அச்செடுத்துக்கொண்டு பனமலைக்குப் போனேன்.

"விதைநேர்த்தி பண்ணியிருந்தா இது வந்திருக்காதுங்க அத்தை."

"மருமவ கொண்டாந்த விதைக்கு யாராச்சும் மருந்து கலப்பாங்களா?" என்றார். கோட்டின் மேல் விரலை மெதுவாக ஓட்டி, கூட்டேரிப்பட்டுப் புள்ளியில் நிறுத்தினார். "அப்ப உங்க ஊட்லேர்ந்துதான் வந்திருக்குது. நான் வாயால சொன்னத நீ படமா வரஞ்சிக்கினு வந்திருக்க. இத இங்கயே வச்சிட்டுப் போ."

உறவை அறுத்துவிடும் பஞ்சாயத்தில் அந்தப் படத்தைத்தான் விரித்தார்கள். பங்காளிகள் ஒவ்வொருவராகக் குனிந்து தங்கள் கொல்லையைத் தேடிப் பார்த்தார்கள். நான் பூஞ்சை, பூஞ்சை என்று கத்தினேன். யார் காதிலும் ஏறவில்லை. பேச்சு முடிந்தது, தாலியும் திரும்பிப் போனது.

திரும்பி வரும் பஸ்ஸில் தங்கச்சி டிக்கெட்டை மடித்துக் கைப்பையில் வைத்தாள். பிறகு சொன்னாள்:

"பாக்கறவங்களுக்கு நல்லாப் புரியிற மாதிரிதான் வரஞ்சிருக்கக்கா."