தண்ணீர் கேட்காத செடிகள்

எங்கள் வீட்டு வாசலில் இருப்பவை பிளாஸ்டிக் செடிகள்தான். யாரும் இலையைக் கிள்ளிப் பார்க்க வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். வேலை பார்த்த காலமெல்லாம் பள்ளியில் தாவரவியல் நடத்தியவன் நான். அதையும் சேர்த்தே சொல்கிறேன். சிரிப்பவர்கள் ஒரே தடவையாகச் சிரித்து முடித்துக்கொள்ளலாம்.

1991இல் ஒரகடம் பக்கம் இந்த வீட்டைக் கட்டிக் குடிவந்தோம். அப்போது இங்கே கம்பெனி பஸ் கிடையாது, முள்ளும் ஆடுகளும்தான். கிணற்றுத் தண்ணீர் உப்பு. நல்ல தண்ணீருக்குத் தெருக்கோடி அடிபம்புக்குப் போக வேண்டும். நான் குரோட்டன்ஸ், செம்பருத்தி, ரோஜா என்று வாங்கிவந்து வரிசையாக நட்டேன். தகரத் துண்டுகளில் ஒவ்வொன்றின் லத்தீன் பெயரையும் பெயின்டால் எழுதி அடியில் குத்திவைத்தேன். தெருவில் போகிறவர்கள் நின்று படித்தால் பெருமையாக இருக்கும்.

தண்ணீர் சுமந்தவள் என் மனைவி. சமைக்க, துவைக்க, குழந்தையைக் குளிப்பாட்ட எடுத்தது போக, என் செடிகளுக்கென்று தனியாகக் குடம் தூக்கினாள். பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்பேன் நான். ஞாயிற்றுக்கிழமை அந்தக் காரணம் செல்லாது. அன்றும் தூக்கவில்லை.

அந்தக் கோடையில் ஸ்ரீபெரும்புதூர் கோயில் உற்சவத்துக்குப் போனவள், அங்கிருந்த கடைகளில் பிளாஸ்டிக் கொடியும் பூச்செடிகளும் வாங்கிவந்தாள். கருகிப்போன ரோஜாவைப் பிடுங்கிவிட்டு, பெயின்ட் டப்பாக்களில் மணல் நிரப்பி அவற்றை நட்டாள். கொடியை வாசல் தூணில் சுற்றினாள். பிறகு இடுப்பில் கைவைத்து என்னைப் பார்த்தாள்.

"இதுக்கு இன்னா பேரு எழுதப் போறீங்க?"

"இது செடியே இல்ல."

"தண்ணி கேக்காது. எனக்கு அது போதும். ஒங்க செடிக்கு வேணும்னா நீங்க போய் அடிச்சிகினு வாங்க."

சொன்னபடியே தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினாள். என் குரோட்டன்ஸ் தலை தொங்கியது. பிளாஸ்டிக் ரோஜா நிமிர்ந்து நின்றது. ஒரு ஆடு வந்து அதைக் கடித்து, மென்று பார்த்து, துப்பிவிட்டுப் போனது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். கல்யாணமானதிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

எங்கள் பள்ளிக் கணக்கு வாத்தியார் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னா சார், பாட்டனி வாத்தியார் வூட்ல பிளாஸ்டிக்கா? இதுக்கு ஒளிச்சேர்க்கை டியூப்லைட்ல நடக்குதா?"

நானும் சேர்ந்து சிரித்தேன். "படிக்காதவ சார். அவளுக்கு இன்னா தெரியும்?" என்றேன்.

அவள் காபி டம்ளர்களோடு கதவருகே நின்றிருந்தாள். அவள் பார்க்கவே கொடியை அறுத்தேன். டப்பாக்களைக் கவிழ்த்தேன். எல்லாவற்றையும் குப்பைமேட்டில் எறிந்தேன்.

மறுநாள் காலை அவள் குடத்தை எடுத்துக்கொண்டு அடிபம்புக்குப் போனாள். சண்டை போடவில்லை. வீட்டுக்குக் குழாய் வரும்வரை, வருடக்கணக்கில், அப்படியே போய்க்கொண்டிருந்தாள். தோட்டம் செழித்தது. வாத்தியார் தோட்டம் என்று பேர் வாங்கியது. இன்று சுவரைப் பிடிக்காமல் அவளால் எழுந்து நிற்க முடியாது. வயதானால் மூட்டு தேயும் என்கிறார் டாக்டர். நான் அதை நம்பவில்லை.

போன வருடம் ஆள் வைத்துச் செம்பருத்தியை வெட்டினேன். சிங்கப்பெருமாள் கோவில் கடைத்தெருவில் பிளாஸ்டிக் செடிகள் வாங்கி, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். ஷிப்ட் முடிந்து வந்த மகன் தலையில் அடித்துக்கொண்டான்.

"மானம் போவுதுப்பா. கம்பெனி லைன்ல கூட வேல செய்றவனுங்கல்லாம் வூட்டுக்கு வருவானுங்க. எடுத்துடுங்க."

எடுக்க மாட்டேன் என்றேன். வந்தவன் சிரித்தான் என்று ஒருமுறை எடுத்தவன் நான். போதும்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தாள். "இப்பதான் மோட்டார் போட்டா தண்ணி கொட்டுதே. இப்ப எதுக்கு இது?"

"அன்னிக்கே உட்டு வச்சிருக்கணும். தப்பு என்னுதுதான்" என்றேன்.

அவள், அதற்குள் சாலையில் போகும் லாரிகள் இலைகளில் ஏற்றிவிட்ட புழுதியைக் காட்டினாள்.

"கழுவுங்க. பைப்ப வச்சி அடிக்காதீங்க. கொடத்துல மொண்டுகினு வாங்க."

கொண்டுவருகிறேன். பாதிக் குடம்தான் என்னால் முடிகிறது. பிளாஸ்டிக் இலையைக் கழுவும் கிழவனைப் பார்க்க கம்பெனி பஸ் ஜன்னல்களில் தலைகள் திரும்புகின்றன. திரும்பட்டும். நாளைக்கும் இதே நேரம் இங்கேதான் நிற்பேன்.