அம்மனுக்கு மட்டும் அசல் ஜரிகை

ஆடித் திருவிழாவுக்கு அம்மனுக்குப் பட்டுப்புடவை கேட்டுக் கோயில்காரர்கள் என் கடைக்கு வந்திருந்தார்கள். அசல் ஜரிகைப் புடவை ஒன்றை எடுத்து, முந்தானை ஓரத்தை உரைகல்லில் தேய்த்துக் காட்டினேன். அந்தக் கரகரப்பு என்னை ஆரணியில் எங்கள் பழைய வீட்டுத் தறிக்குக் கொண்டுபோனது.

அப்போது எனக்கு எட்டு வயது. வீடெங்கும் தறியின் பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி வாசனை. அப்பா வருடாவருடம் அம்மனுக்கு ஒரு புடவை நெய்வார். நெய்து முடிக்கும்வரை வீட்டில் கறி, மீன் கிடையாது. அந்த வருடம் கண்ணமங்கலத்துக் கல்யாணப் பெண்ணுக்கும் ஒன்று நெய்திருந்தார். கோயிலுக்குப் புறப்படும்போது அம்மா அம்மன் புடவை வைத்த தாம்பாளத்தைத் தொடவில்லை. இரண்டு புடவைகளையும் உரைகல்லில் தேய்த்துப் பார்த்தாள்.

"அசல்னு துட்டு வாங்கிகினு, அந்தப் பொண்ணுக்கு டூப்பு ஜரிகை போட்டிருக்கீங்களே. அந்தத் துட்டுலதான அம்மனுக்கு அசல்?"

"சாமி காரியத்துல பேஜார் பண்ணாத."

"எது டூப்புன்னு சாமிக்குத் தெரியும். அந்தப் பொண்ணுக்குத் தெரியாதுங்க."

அப்பா அசலைப் பையில் போட்டுக்கொண்டு கண்ணமங்கலம் பஸ் ஏறினார். அந்த வருடம் அம்மன் டூப்பு ஜரிகையில்தான் தேரேறினாள்.

உரைகல்லைக் கீழே வைத்தேன். எதிரில் வெம்பாக்கத்துப் பெண் ஒருத்தி, பணம் கட்டிவிட்டு, முகூர்த்தப் புடவைப் பையோடு எழுந்துகொண்டிருந்தாள். அசல் என்றுதான் விற்றிருந்தேன். அவளுக்காக இந்தக் கல்லை நான் எடுக்கவே இல்லை.

"கொஞ்சம் இரும்மா," என்றேன்.