வரிப்பாம்பு சாதுதானா?

செத்த பாம்பைச் சேதாரமில்லாமல் பட்டணத்துக்கு அனுப்பிப் பிழைக்கிற பிழைப்பு இருக்கிறதே, அது என் விரோதிக்கும் வேண்டாம். மேலே படித்த முதலாளி, கீழே பாடுபடும் சனம், நடுவில் இரண்டு பக்கமும் திட்டு வாங்க நாம் என்று அகப்பட்டுக்கொண்ட சகபாவிகளே, உங்களிடம் கொட்டாமல் இந்த எரிச்சலை நான் வேறு யாரிடம் போய்க் கொட்டுவேன்?

ஐம்பதுகளின் தொடக்கம். காரைக்காலில் இன்னும் பிரெஞ்சுக் கொடிதான். மதராஸில் ஒரு விலங்கியல் பேராசிரியர் கடல்பாம்பு ஆராய்ச்சியில் இறங்கியிருந்தார். எந்தப் பாம்புக்கு விஷம், அந்த விஷம் உடம்பை என்ன செய்யும் என்பதுதான் அவர் கேள்வி. காரைக்காலை ஒட்டிய மீனவக் கிராமமான கருக்களாச்சேரிக் கரையில் வலையில் சிக்கும் பாம்புகளைச் சேகரித்து, உயிருள்ளதை ஈரக் கோணியிலும் செத்ததை ஸ்பிரிட் ஜாடியிலும் போட்டு அவருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. இன்டர்மீடியட்டில் பெயிலானவனுக்கு வேறு யார் வேலை கொடுத்தார்கள்?

காளியப்பன் கேட்டது

கருக்களாச்சேரியில் காளியப்பன் என்று ஒருவர். சொந்தமாக வலை வைத்திருந்தவர், அங்கே நாலு பேர் மதிக்கிற ஆள். நான் அங்கே போவதற்கு முந்தின வருஷம் வலை உதறும்போது அவர் மச்சானை வலைக்கடியன் கடித்துவிட்டது. கொக்கி மாதிரி மூக்கு வளைந்த கடல்பாம்புக்கு அந்தப் பெயர். மச்சான் பிழைக்கவில்லை. அன்று முதல் அந்தக் கரையில் வலைக்கடியன் வந்தால் கம்பால் நெம்பித் தள்ளுவார்கள். உடம்பு முழுக்கக் கட்டுக்கட்டாக வரி போட்ட பாம்பு வந்தாலோ, வெறுங்கையால் வாலைப் பிடித்துத் தூக்கி வீசுவார்கள். வரிப்பாம்பு சாதுவாம். எத்தனையோ பேரைக் கடித்தும் யாருக்கும் ஒன்றும் ஆனதில்லையாம்.

பாம்புக்கு என்ன விலை வேண்டும் என்று காளியப்பனைக் கேட்டேன். மனிதர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "காசு கீசெல்லாம் வேணாம் பாம்புக்காரரே. எது கொல்லும், எது சாதுன்னு உங்க வாத்தியாரைக் கேட்டுச் சொல்லுங்க, அது போதும். என் தம்பி கோவிந்தனும் இந்த வலைக்குத்தான் வர்றான்."

மரியாதை

காளியப்பன் சம்சாரம் செல்லம்மா, நான் போகும் முன்பே பாம்புகளைக் கூடையில் போட்டு வைத்திருப்பார். ஒரு நாள் கூடையைத் திறந்தால் அத்தனையும் முண்டம்! ஒன்றுக்காவது தலை இருக்க வேண்டுமே? ஆராய்ச்சியே தலையில்தான் இருக்கிறது. பல்லும் விஷப்பையும் போன பிறகு மீதியை வைத்துக்கொண்டு பேராசிரியர் என்ன குழம்பா வைப்பார்? ஒரு வாரப் பாடு மண்ணாகப் போன ஆத்திரத்தில் வாய்க்கு வந்தபடி கத்திவிட்டேன்.

செல்லம்மா அசரவில்லை. மீன் வெட்டிக்கொண்டிருந்த கத்தியை நிறுத்தாமலே சொன்னார்: "தலையோட குடுத்தா உங்களைக் கடிச்சித் தொலைக்காதா? ஏதோ படிச்ச புள்ளையாச்சேன்னு மரியாதையா வெட்டி வச்சேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

பேரளத்தில்

காரைக்காலில் சாராயம் தண்ணீர் பட்ட பாடு. எல்லை தாண்டினால் மதராஸ் ராஜ்ஜியம், மதுவிலக்கு. காரைக்கால் ரயில் பேரளம் வந்து நின்றதும் போலீஸ் ஏறும். பெட்டி, படுக்கை, பிள்ளைத்தாய்ச்சி வயிறு, எதையும் அவர்கள் நம்புவதில்லை. பெரிய கண்ணாடி ஜாடியோடு உட்கார்ந்திருந்த என்னை மட்டும் நம்பிவிடுவார்களா?

மூடியைத் திறந்து மோந்து பார்த்தார் ஏட்டு. முகம் மலர்ந்துவிட்டது. "ஐயா, அது குடிக்கிற சாராயம் இல்லை, உள்ளே பாம்பு கிடக்கிறது, கண்ணைத் திறந்து பாருங்கள்" என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். பேராசிரியர் கொடுத்த சீட்டைக் காட்டினேன். இங்கிலீஷில் இருந்ததால் அதையும் மோந்து பார்த்தார். பிளாட்பாரத்தில் ஸ்பிரிட் முழுவதையும் கவிழ்த்துவிட்டு, பாம்புகளை மட்டும் ஜாடியில் திரும்பப் போட்டு என் மடியில் வைத்தார். மதராஸ் போய்ச் சேர்வதற்குள் நாற்றம் தாங்காமல் பெட்டியில் இருந்த சனம் என்னைத்தான் கவிழ்த்திருக்கும்.

ஏட்டு இறங்கும்போது பெரிய மனசோடு சொன்ன வார்த்தை இன்னும் காதில் நிற்கிறது: "பாம்பைத் தாராளமாக் கொண்டு போங்க, அதுக்குச் சர்க்கார்ல தடை இல்லை."

பேராசிரியர் விஜயம்

கொடி மாறியது. பிரெஞ்சுக்காரர்கள் போனார்கள். பேராசிரியர் ஒரு தடவை நேரிலேயே கருக்களாச்சேரிக்கு வந்தார். மணலில் பூட்ஸ் புதையப் புதைய நடந்து, வரிப்பாம்பு ஒன்றை இடுக்கியால் தூக்கிப் பார்த்துக் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். தட்டையான வால், வயிற்றுச் செதில், மூக்குத் துவாரத்தை மூடும் சவ்வு என்று என்னிடம் சொல்லிக்கொண்டே போனார். நல்ல அறிவாளிதான், அதில் குறை சொல்ல மாட்டேன்.

காளியப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து, "வரிப்பாம்பு சாதுதானுங்களே?" என்று கேட்டார். ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை. அதைச் சொல்ல நாக்கு தேய்ந்தா போகும்? பேராசிரியர் கடலைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஆராய்ச்சி முடியாமல் வாயைத் திறக்கக் கூடாது என்று இவருக்கு நீயே பக்குவமாகச் சொல்லிவிடு."

கோவிந்தன்

அடுத்த மழைக்காலத்துக்கு முன்பு, வலை பிரிக்கும்போது கோவிந்தனின் விரலை வரிப்பாம்பு கடித்தது. வலியில்லை, வீக்கமில்லை. முள் குத்தின மாதிரி இரண்டு புள்ளி. நான் அப்போது கரையில்தான் நின்றேன். "எதற்கும் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வா" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கோவிந்தன் விரலைக் கடல் தண்ணீரில் அலசிவிட்டு, அந்தப் பாம்பையே எடுத்து என் கோணியில் போட்டான்.

சாயங்காலம் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. பிறகு வாயைத் திறக்க முடியவில்லை. சிறுநீர் கறுப்பாகப் போனது. அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் அவரால் ஆனதெல்லாம் செய்தார். பிரயோசனமில்லை. கரையில் விரலை அலசும்போது கோவிந்தன் என்னிடம் சொன்னதுதான் அவன் எனக்குச் சொன்ன கடைசி வார்த்தை: "வரிப்பாம்புதானே சார், இதுக்குப் போயி வேலையை விட்டுட்டு ஆஸ்பத்திரில உக்காரச் சொல்றீங்களே!"

அச்சில் வந்தது

கோவிந்தன் காரியம் முடிந்த பிறகு மதராஸ் போனேன். பேராசிரியர் அறையில் மாலையும் பூச்செண்டுமாகக் கிடந்தது. அவர் கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகையில் அச்சாகிவிட்டதாம். எனக்கும் ஒரு பிரதி கொடுத்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷுக்கே புரிந்தது: காரைக்கால் கரையில் பிடித்த தட்டைவால் பாம்பு அத்தனைக்கும் விஷம் உண்டு, வரி போட்டதுக்கும் சேர்த்து. கடித்தால் வலிக்காது. கடிக்கும்போதெல்லாம் விஷம் இறங்குவதும் இல்லை. இறங்கிவிட்டால் தசை இறுகும், சிறுநீர் கறுக்கும்.

"எப்போது தெரிந்தது சார்?" என்றேன். அவர் கருக்களாச்சேரிக்கு வருவதற்கு முன்பே தெரியுமாம். முன்கூட்டிச் சொன்னால் வேறு எவனாவது தன் பெயரில் போட்டுவிடுவானாம்! அடப்பாவி மனுஷா, கருக்களாச்சேரியில் எவன் பத்திரிகை நடத்துகிறான்? மேசையைக் குத்திக் கேட்டேன். வேலை அன்றோடு போயிற்று. போகட்டும்.

நேரே காளியப்பனிடம் போனேன். சாது என்று ஒன்றுமே கிடையாது, எல்லாவற்றையும் கம்பால்தான் தள்ள வேண்டும், கடித்தால் வலி இருக்கிறதோ இல்லையோ அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி என்று சொன்னேன். பேராசிரியருக்கு எப்போதிலிருந்து தெரியும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். நாலு திட்டுத் திட்டுவார், அடிக்கக்கூட வருவார் என்று நினைத்தேன். அவர் வலையைக் கீழே போட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "தெரிஞ்சப்புறமும் அந்த மனுசன் எங்ககிட்ட பாம்புதான் கேட்டாரா?"

ஆராய்ச்சி என்றால் என்ன என்று வேலை போன பிறகுதான் ஐயா எனக்கு விளங்கியது: கண்டுபிடிக்கிற வரைக்கும் அது எல்லாருக்குமானது, கண்டுபிடித்துவிட்டால் ஒருத்தருக்கு மட்டும் சொந்தம்.