நெட்டையனின் ஐந்தாவது உதை

துபாயில் ஆஸ்திரேலியக் கால்பந்தின் பயிற்சி ஆட்டம் இப்போதுதான் முடிந்திருக்கிறது. வேலியோரம் இருவர் ஓர் உயரமான வீரனைப் பற்றிக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். முருகேசன் புதுக்கோட்டைக்காரர், மைதானத்துப் புல்லைப் பராமரிப்பவர். செல்வராசா யாழ்ப்பாணத்துக்காரர், கிளப் அலுவலகத்தில் வேலை.

"நாலு உதையும் வெளிய போச்சுண்ணே! அந்த நெட்டையன் ஃபார்ம்லயே இல்ல" என்கிறார் முருகேசன்.

"சும்மா கதையாதையும். முழங்கால் நோவோட ஆறு மாசம் கிடந்தவன். ஓடுறதே பெரிய விசயம்."

"அப்ப அடுத்த வாரம் முதல் மேட்சுக்கு அவரை எடுக்க மாட்டாங்களா?" என்று, ஆட்டம் பார்க்க வந்த நான் முருகேசனிடம் கேட்கிறேன்.

"எடுக்காம? அவன் இல்லாம மேட்ச் எதுக்கு சார்?" என்று என் மேலேயே பாய்கிறார்.

அதற்குள் நெட்டையன் தனியாகத் திரும்பி வந்து, அந்த நீள்வட்டப் பந்தை உதைக்கிறான். அது உயரமான கோல் கம்பங்களின் நடுவே சீறிப் போகிறது. செல்வராசா விசிலடிக்கிறார். "யல்லா!" என்று அரபுக்காரர்கள் உற்சாகத்தில் கத்துவதுபோல் கூவியபடி வேலியைத் தாண்டிக் குதித்து, பந்தை எடுத்துவர ஓடுகிறார் முருகேசன்.