நின்றுகொண்டே நடந்த வண்டி

பெங்களூரில் எங்கள் மர்ஃபி டவுனில் செத்துப்போனவர்கள் யாரும் பெர்னார்டைப் பற்றி இதுவரை குறை சொன்னதில்லை. இது என் வார்த்தை இல்லை. அவன் மனைவி நோரா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். பெர்னார்ட் சவ வண்டி டிரைவர். நான் சந்திரம்மா, சர்ச் முனையில் மாலையும், ரீத்து என்கிற மலர் வளையமும் கட்டி விற்கிறவள். சாவு வீட்டுக்கு என் பூ முதலில் போகும், அவன் வண்டி பின்னால் வரும். அப்படித்தான் எங்களுக்குப் பழக்கம். என்னைவிடச் சின்னவன், அக்கா என்று கூப்பிடுவான். நானும் வாடா போடா என்றுதான் பேசுவேன்.

ஆள் பார்க்க ஒன்றும் பெரிதாக இருக்க மாட்டான். ஒல்லி உடம்பு, வெள்ளைச் சட்டை, எந்த வெயிலிலும் காலர் பட்டன் வரை போட்டிருப்பான். பேச்சும் குறைவு. ஆனால் வண்டி ஓட்டுவதில் அவனுக்கு ஒரு கிறுக்கு இருந்தது. எங்கள் பக்கத்தில் இந்து வீடோ கிறிஸ்தவ வீடோ, சாவு என்றால் கல்பள்ளி கல்லறை வரைக்கும் வண்டிக்குப் பின்னால் நடந்துதான் போவோம். இந்து வீடென்றால் முன்னால் தமட்டை அடித்துக்கொண்டு போவார்கள். கிறிஸ்தவ வீடென்றால் பின்னால் ஜெபமாலை. மற்ற டிரைவர்கள் தெருமுனை வரை மரியாதையாக ஓட்டிவிட்டு, மெயின் ரோடு வந்ததும் விட்டால் போதும் என்று பறந்துவிடுவார்கள். பெர்னார்ட் வீட்டு வாசலிலிருந்து கல்பள்ளி கேட் வரைக்கும் ஃபர்ஸ்ட் கியர்தான். பக்கக் கண்ணாடியை வேண்டுமென்றே கீழே சாய்த்து வைத்திருப்பான். அதில் பின்னால் வரும் பஸ் தெரியாது, நடக்கிறவர்களின் கால்தான் தெரியும். கூட்டத்தில் எந்தக் கால் ரொம்பத் தள்ளாடுகிறதோ, அந்தக் காலுக்குத் தகுந்த மாதிரி வண்டியை விடுவான். பின்னால் எத்தனை ஹாரன் அடித்தாலும் அவனுக்குக் காது கேட்காது.

கிளம்புவதற்கும் ஒரு முறை வைத்திருந்தான். வீட்டு ஆள் யாராவது வண்டியின் பக்கத்தில் இரண்டு தட்டு தட்டினால்தான் எடுப்பான். அதுவரை எவ்வளவு நேரமானாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

"அவங்க அனுப்பணும்க்கா. நான் பிடுங்கிட்டுப் போற மாதிரி இருக்கக் கூடாது" என்பான்.

இதையெல்லாம் மாடி ஜன்னலில் உட்கார்ந்து நோரா பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு அப்பா அம்மா யாரென்று தெரியாது. சிஸ்டர்கள் நடத்திய அனாதை விடுதியில் வளர்ந்தவள். கல்யாணத்தன்று கோயிலில் பெர்னார்ட் பக்கத்து பெஞ்செல்லாம் நிறைந்து வழிந்தது, அவள் பக்கத்தில் இரண்டு சிஸ்டர்கள் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சுகளுக்கு இடையில், நடு வழியில் அவள் தனியாக நடந்து வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். அந்த நடை அவள் மனதில் தங்கிவிட்டது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு ஊர்வலம் போகும்போதும் பின்னால் வருகிறவர்களை எண்ணிப் பார்ப்பாள். பிறகு என் கடைக்கு வந்து, "எனக்கும் இந்தத் தெருவே பின்னாடி நடக்கணும், அக்கா. வண்டிக்குள்ள என்கூட யாரும் உட்காரக் கூடாது, எங்க வீட்டுக்காரரும்தான். எல்லாரும் நடக்கணும்" என்பாள். நகை கேட்டாளா, புடவை கேட்டாளா? இது ஒன்றுதான் கேட்டாள்.

"முதல்ல நான் போறேன், நீ எனக்கு ரீத்து கட்டு" என்று நான் வைவேன். ஆனால் அவள் இதயத்தில் வால்வு கெட்டுப்போயிருந்தது. ஆபரேஷன் செய்கிற கட்டமெல்லாம் தாண்டிவிட்டது என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

பெர்னார்டின் கம்பெனி தொம்மலூரில் இருக்கிறது. முதலாளி ராகேஷ். ஒயிட்ஃபீல்ட் ஆபீஸ்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன்கள், ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடும் ஆம்புலன்ஸ்கள், அதே ஆஸ்பத்திரி ஒப்பந்தத்தில் சேர்ந்த இவனுடைய சவ வண்டி. எல்லா வண்டியிலும் ஒரு நாள் டேஷ்போர்டுக்கு அடியில் சின்னதாக ஒரு பெட்டி வைத்துப் பூட்டினார்கள். வண்டி எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று ஆபீஸில் உட்கார்ந்தே பார்க்கலாமாம். ஆஸ்பத்திரிக்காரர்கள் கேட்டதால் வைத்தது. மாதா மாதம் ரிப்போர்ட் அவர்களுக்குப் போக வேண்டும்.

ரிப்போர்ட் இரண்டு வரும். முதல் மாதமே பெர்னார்டின் வண்டிக்கு இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஒன்றில் கிலோமீட்டர் அதிகம், இன்னொன்றில் ரொம்பக் குறைவு. இதில் பல மணி நேரம் இன்ஜினைப் போட்டுக்கொண்டு வண்டி ஒரே இடத்தில் சும்மா நின்றதாக வேறு காட்டியது. ஆஸ்பத்திரிக் கணக்கு அதிகாரிகளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. டிரைவர் பெட்டியை ஏதோ செய்துவிட்டு வெளியே தனிச் சவாரி அடிக்கிறான் என்று எழுதிக் கேட்டார்கள். சவ வண்டியில் என்ன சவாரி அடிப்பான், குடும்பத்தோடு நந்தி மலைக்கா கூட்டிப்போவான்? எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கையிலிருந்த மாலை அறுந்துபோனது.

ஆபீஸில் ரிப்போர்ட் எடுக்கிற பெண் சிந்து நல்ல பிள்ளை. என்ன ஏதென்று தோண்டிப் பார்த்து, வீட்டுக்கே வந்து சொன்னாள்.

"அண்ணா, உங்க மேல தப்பே இல்ல. ஒரு ரிப்போர்ட்டு வண்டி சக்கரம் எவ்ளோ சுத்துச்சுன்னு பாக்குது. இன்னொண்ணு மேல இருக்கிற சாட்டிலைட்டைக் கேட்டு, வண்டி எங்கிருந்து எங்க போச்சுன்னு பாக்குது. நிறுத்தி வெச்ச வண்டிகூட சாட்டிலைட்டுக்குக் கொஞ்சம் ஆடற மாதிரி தெரியுமாம். அப்படியே விட்டா ஷெட்ல நிக்கற வண்டியும் தினம் நாலு கிலோமீட்டர் ஓடினதா கணக்கு வரும். அதனால நடக்கிற வேகத்துக்கு மேல போனாத்தான் ஓடுதுன்னு எடுத்துக்கும். அதுக்குக் கீழ போனா, நிக்குதுன்னு விட்டுடும்."

"அப்ப நான் கல்பள்ளி வரைக்கும் போறது?" என்று பெர்னார்ட் கேட்டான்.

"சக்கரத்துக்குத் தெரியும் அண்ணா. சாட்டிலைட் கணக்குல நீங்க வீட்டு வாசல்லயேதான் நிக்கறீங்க."

ஒயிட்ஃபீல்ட் வேன்களுக்கும் வித்தியாசம் வருமாம். ஆனால் என்னதான் ஜாமில் ஊர்ந்தாலும் நடுவில் ஒரு பாய்ச்சல் பாய்ந்துவிடும், அதனால் பெரிதாகத் தெரியாது. பாயவே பாயாமல் போவது ஊரில் சாவு ஊர்வலம் ஒன்றுதான்.

காரணம்தான் தெரிந்துவிட்டதே, சொல்லிவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன். ராகேஷும் நம்பினான். ஆஸ்பத்திரிக்கு விளக்கமாக எழுதினான். அங்கேயும் புரிந்துகொண்டார்கள். புரிந்துகொண்டு, "விளக்கம் சரி, ஆனால் இரண்டு கூட்டுத்தொகையும் ஒத்துப்போக வேண்டும்" என்று பதில் போட்டார்கள். பெட்டி விற்ற கம்பெனியைக் கேட்டால், எல்லா வண்டிக்கும் ஒரே அமைப்புதான், ஒரு வண்டிக்காக மாற்ற வராது என்றார்கள். கழற்றி வைத்தால் அடுத்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு அலாரம் போய்விடும். யாரைத் திட்டுவது? பல்லைக் கடித்துக்கொண்டு திட்டுவதற்குக்கூட ஒரு கெட்டவன் கிடைக்கவில்லை. கடைசியில் ராகேஷ் ஒரு கட்டளை போட்டான்: சவ வண்டியின் வேகம் பத்து கிலோமீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது.

அதற்கப்புறம் முதலில் வந்த சாவு எங்கள் தெரு கோவிந்தப்பாவுடையது. பொம்மசந்திரா ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். பெர்னார்ட் வண்டியை எடுத்ததும் வழக்கம்போல எல்லோரும் நடக்க ஆரம்பித்தோம். வண்டி நழுவிக்கொண்டே போனது. முன்னால் தமட்டை அடிக்கிறவர்கள் பின்னால் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓட ஆரம்பித்தார்கள். ஓடிக்கொண்டே எப்படி அடிப்பது, தாளம் தடுமாறிப்போனது. நாங்களும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினோம். எதிரே பைக்கில் வந்த பையன்கள் சிரித்தார்கள். எனக்கே ஒரு நொடி சிரிப்பு வந்துவிட்டது. அப்போதுதான் கோவிந்தப்பாவின் பெண்டாட்டி செருப்பு தடுக்கி ரோட்டில் விழுந்தாள். முழங்கால் கிழிந்து ரத்தம். வண்டி நிற்கவில்லை.

மறுநாள் பெர்னார்டின் வண்டியைப் பார்த்தேன். பக்கக் கண்ணாடியை மேலே திருப்பி வைத்திருந்தான். அதில் வானமும் கரண்டு கம்பியும்தான் தெரிந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

நோரா மட்டும் கேட்டாள். நான் அவளுக்குக் கஞ்சி எடுத்துப்போன சாயங்காலம், படுத்தபடியே அவனிடம் கேட்டாள்.

"அப்போ எனக்கும் அப்படித்தானா? எல்லாரும் ஓடி வரணுமா?"

அவன் போய் ராகேஷிடம் நின்றான். வாழ்க்கையில் யாரிடமும் ஒன்று கேட்டு நின்றவன் இல்லை. "ஒரே ஒரு தடவை சார். என் வீட்டுக்கு மட்டும்" என்று கேட்டிருக்கிறான். ராகேஷ் அவன் எதிரிலேயே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான். ஏற்கெனவே எச்சரிக்கை கொடுத்தாயிற்று, இன்னொரு தடவை கணக்கு இடித்தால் ஆம்புலன்ஸ் வேலை மொத்தமும் வேறு கம்பெனிக்குப் போய்விடும், ஓட்டுகிற டிரைவரும் அன்றோடு சரி என்றார்கள். ராகேஷ் போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டானாம். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ பெர்னார்ட்" என்றானாம். கன்னடத்தில் ஸ்வல்ப என்றால் கொஞ்சம். இந்த ஊரில் இந்த வார்த்தையைச் சொல்லாமல் எந்தக் கொடுமையும் நடப்பதில்லை.

வேறு வண்டி பார்த்தோம். எல்லா வண்டியிலும் இப்போது அந்த மாதிரி ஒரு பெட்டி இருக்கிறது. தோளில் தூக்கிப் போகலாம் என்று தெருப் பையன்கள் சொன்னார்கள். மெயின் ரோட்டில் விட மாட்டோம் என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்கள்.

நோரா ஒரு திங்கட்கிழமை காலையில், பூசை மணி அடிக்கிற நேரத்தில் போய்விட்டாள். அவளுக்கு வெள்ளைச் செவந்தி பிடிக்கும். அதிலேயே கட்டினேன். கூடப் பிறந்தவள் மாதிரி இருந்தவளுக்கு ரீத்து கட்டும் கையை என்ன சொல்வது.

மதியம் பூசை முடிந்து சவப்பெட்டியை வண்டியில் ஏற்றினோம். அவள் கேட்ட மாதிரியே தெரு முழுக்க வந்திருந்தது. முக்காடு போட்ட பாத்திமாக்கா, கடையைச் சாத்திவிட்டு வந்த சேட்டு, அவளை வளர்த்த சிஸ்டர்களில் உயிரோடு இருக்கும் ஒருவர், முழங்காலில் இன்னும் கட்டோடு கோவிந்தப்பா வீட்டம்மா. அத்தனை பேரையும் எண்ணிப் பார்க்க அவள்தான் இல்லை.

அன்றைக்கு ஓட்ட வந்தவன் அதே கம்பெனியின் இன்னொரு டிரைவர் உமேஷ். சின்ன வயது, போன மாதம்தான் குழந்தை பிறந்திருந்தது. சீட்டிலிருந்து இறங்கி பெர்னார்டின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணா, நான் மெதுவாவே ஓட்டறேன். வேலை போனா போவட்டும். நீங்க எனக்கு ஓட்டக் கத்துக்குடுத்தவரு."

நாங்கள் எல்லோரும் பெர்னார்டின் முகத்தைப் பார்த்தோம். 'சரி' என்று ஒரு வார்த்தை சொல்லேன்டா என்று என் மனசு அடித்துக்கொண்டது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் உமேஷின் குழந்தையைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. பெர்னார்ட் நினைத்தான்.

"போய் உக்காருடா" என்றான்.

உமேஷ் ஏறி உட்கார்ந்தான். இன்ஜின் ஓடியது, வண்டி நகரவில்லை. பக்கக் கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது, பெர்னார்டையே பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டு ஆள் தட்டினால்தான் எடுக்க வேண்டும். அதுவும் இவன் கற்றுக்கொடுத்ததுதான். நோராவுக்கு இவனை விட்டால் வீட்டு ஆள் என்று யாரும் கிடையாது. பெர்னார்ட் வண்டியின் பக்கத்தில் கையை வைத்தான். ரொம்ப நேரம் வைத்திருந்தான். பிறகு இரண்டு தட்டு தட்டினான்.

வண்டி கிளம்பியது. ஓடக் கூடாது என்று யாரும் சொல்லிவைக்கவில்லை, ஆனால் யாரும் ஓடவில்லை. தெருமுனையில் திரும்பியது, அவ்வளவுதான், பிறகு கண்ணில் படவில்லை.

அவன் நடக்க ஆரம்பித்தான். அவனுக்குப் பின்னால் நாங்கள் நடந்தோம். மெயின் ரோட்டில் பஸ்காரன் ஹாரன் அடித்தான், ஆட்டோக்காரன் எதையோ கத்திவிட்டுப் போனான். எதற்காக இத்தனை பேர் நடுரோட்டில் நடக்கிறார்கள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? எங்களுக்கு முன்னால் ஒன்றுமே இல்லையே. பெர்னார்ட் மட்டும் முன்னால் வண்டி போகிற மாதிரியே இடைவெளி விட்டு, அதே ஃபர்ஸ்ட் கியர் நடையில் போனான். கோவிந்தப்பா வீட்டம்மா பின்தங்கியபோது திரும்பிப் பார்க்காமலே நடையைக் குறைத்தான்.

நாங்கள் கல்பள்ளி கேட்டுக்குள் நுழைந்தபோது வண்டி வேறு சாவுக்குப் போய்விட்டிருந்தது. மரத்தடியில் இரண்டு ஸ்டூல் போட்டு அவள் பெட்டியை வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஃபாதரும் குழி வெட்டுகிறவரும் மட்டும் நின்றார்கள். கல்யாணத்தன்று நடு வழியில் தனியாக வந்தவள், அன்றும் எங்களுக்கு முன்னால் தனியாகவே வந்து சேர்ந்திருந்தாள்.

அடுத்த மாதம் சிந்து பார்க்க வந்தாள். பெர்னார்ட் அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தான். அவனே கேட்டான்.

"அன்னிக்கு ரிப்போர்ட்டு எப்படி வந்துச்சும்மா?"

"ரெண்டும் ஒத்துப்போச்சு அண்ணா" என்றாள். "வித்தியாசமே இல்ல."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். டீ ஆறுகிறது, குடி என்றான்.