ஒரு டம்ளர் டீக்காக ஹைகோர்ட்

டீக்காகக் கோர்ட் படி ஏறியவர்கள் உங்களில் எத்தனை பேர்? போன வாரம் நான் ஏறினேன். எர்ணாகுளம் ஹைகோர்ட். கேஸ் என்னுடையதல்ல, தங்கச்சி மல்லிகாவுடையது.

சூரியநெல்லியில் சிறு விவசாயிகள் சேர்ந்து நடத்தும் தேயிலை ஃபேக்டரிக்கு அவள்தான் செக்ரட்டரி. லடாக் ராணுவ முகாம்களுக்குத் தேயிலை சப்ளை செய்ய டெண்டர் போட்டிருந்தார்கள். கிடைத்தது வேறொரு கம்பெனிக்கு. சொந்த ஃபேக்டரி இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்தக் கம்பெனியிடம் இருந்ததோ வெறும் குடோன்.

'நமக்கெதுக்கு வம்பு' என்று மற்றவர்கள் ஒதுங்கினார்கள். மல்லிகா ஒதுங்கவில்லை. ஏன்?

அவள் கணவர் முருகன் ராணுவத்தில் இருக்கிறார். அதே லடாக்கில், பனிமலையில். ஊருக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. லைன் கிடைத்தால் பேசுவார். பேசினால்... டீயைப் பற்றித்தான்.

"இங்க ஊத்துறது வெறும் சுடுதண்ணி, புள்ள. நம்ம ஊரு டீ இன்னும் நாக்குலயே நிக்குது."

பார்சல் அனுப்பினால் போதாதா? நானும் கேட்டேன்.

"அனுப்பாம இருப்பேனா அண்ணே? அங்க தனி அடுப்பு ஏது? எல்லாருக்கும் ஒரே அண்டாவுலதான் கொதிக்கும். எம் பாக்கெட்டு ஒரு வேளைக்குக் காணாது. அவுக குடிக்கணும்னா அம்புட்டுப் பேரும் குடிக்கணும்."

ஒருத்தர் டம்ளருக்காக ஒரு கான்ட்ராக்ட்! இதை எந்த வக்கீல் மனுவில் எழுதுவார்? குடோனைத்தான் எழுதினார். பெரிய கேஸுக்குப் பின்னால் பெரிய காரணம்தான் இருக்க வேண்டுமா என்ன?

கேரளத்தில் தீர்ப்புக்கு 'விதி' என்று பெயர். அன்றைக்கு விதி எங்கள் பக்கம். கான்ட்ராக்ட் ரத்து, மறுபடி டெண்டர் விட வேண்டும். வராந்தாத் தூணில் சாய்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள் மல்லிகா.

"அடுத்த குளிருக்குள்ள நம்ம டீ அங்க போயிரும்ல அண்ணே?"

"போயிரும்" என்றேன். எனக்கென்ன தெரியும்...

திரும்பும் வழியில் அடிமாலியில் பஸ் நின்றபோது முருகன் கூப்பிட்டார். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஜெயிச்சாச்சு. நம்ம டீ அங்க வரப்போவுது."



"மல்லிகா... எனக்கு மாத்தல் வந்துருக்கு. ராஜஸ்தான். அடுத்த மாசம் கெளம்பணும்."

"ஊருக்கு வந்துட்டுப் போவீகளா?"

"லீவு கேட்டுருக்கேன். பாப்போம்."

அந்தப் 'பாப்போம்'க்கு என்ன அர்த்தம் என்று ராணுவ வீரரின் மனைவிக்குத் தெரியும். மல்லிகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் பேசலாம் என்று கை நீட்டினேன். போனைத் தரவில்லை. முருகனிடம் சொன்னாள்:

"அந்த ஊரு முகாமுக்கு எங்க டெண்டர் விடுவாகன்னு கேட்டுச் சொல்லுங்க."