பெரியப்பாவுக்கும் கப்பலுக்கும் நடந்த பந்தயம்

கப்பலில் எங்களுக்குக் கொடுத்த அறைக்குள் நுழைந்ததும் என் மனைவி செய்த முதல் காரியம், தலைக்குக் குளித்தது. கண்ணாடி வழியே கடலைப் பார்க்கவில்லை, மெத்தையை அமுக்கிப் பார்க்கவில்லை. சிவப்புப் பெட்டியைத் திறந்து ஒரு புடவையை உருவிக்கொண்டு, அலமாரி அளவே இருந்த குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது முடியிலிருந்து தண்ணீர் சொட்டி அந்தப் பெட்டியின் மேலேயே விழுந்துகொண்டிருந்தது. என் முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். அது கடல் பயம் என்று நம்பினேன். வாய்க்கால் படித்துறையைத் தவிர வேறு தண்ணீரில் கால் வைக்காத பாபநாசத்துக்காரி, அத்தனை பெரிய தண்ணீரைப் பார்த்ததும் மிரண்டுபோய், அதை மறைக்கத் தலையை நனைத்துக்கொண்டு வருகிறாள் என்று நினைத்தேன். "சுத்தி இவ்வளவு தண்ணி கிடக்கு, நீ குழாய்த் தண்ணியில முழுகிட்டு வர்றியே" என்று சொல்லி நானே சிரித்துக்கொண்டேன். அவளும் சிரித்தாள்.

பெரியப்பாவைச் சொல்லாமல் இந்தக் கப்பலைப் பற்றிச் சொல்ல முடியாது. என் அப்பாவுக்கு அண்ணன். எங்கள் வீட்டுக்கு எதிர் வீடு. பெற்றது இரண்டும் பெண்ணாகப் போனதால் அவருக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் தம்பி மகனாகிய நான்தான் என்பது எனக்கு அரைக்கால் சட்டை வயதிலேயே முடிவாகிவிட்ட உத்தியோகம். அதை அவர் யாரையும் மறக்க விட்டதில்லை. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் என் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்துவார். "இவன்தான் நமக்குக் கொள்ளி. மத்தாப்பு கொளுத்தவே கை நடுங்குது. நம்மளை எங்க கொளுத்தப் போறான், பாதியில விட்டுட்டு ஓடிடுவான்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வலிப்பதற்கு முன்னால் சிரித்துவிட வேண்டும் என்ற வித்தை எனக்கு அப்படித்தான் கைவந்தது. இன்றைக்கு உரக்கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரையெல்லாம் நக்கல் அடிக்கிறேன் என்றால், அதற்கு உரம் போட்டவர் அவர்தான்.

எங்கள் தெருவில் பாதி வீடு பங்காளி வீடு. ஒருவர் போனால் அத்தனை பேருக்கும் தீட்டு. பதினாறு நாளைக்குக் கோயில் கிடையாது, விசேஷம் கிடையாது, ஊர் சுற்றப் போவது அறவே கிடையாது. கல்யாணமான புதிதில் என் மனைவி பிறந்த வீட்டுச் சீராக வந்த அந்தச் சிவப்புப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கொடைக்கானலுக்குக் கிளம்பினாள். தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தும் விட்டாள். பெரியப்பா மோட்டார் சைக்கிளில் ஆள் அனுப்பி எங்களைக் கீழே இறக்கினார். செத்தவர் யாரென்று அவளுக்குத் தெரியாது. எனக்கே பாதிதான் தெரியும். புதுப் புடவையோடு சாவு வீட்டு வாசலில் வந்து நின்றவளைப் பார்த்து, அத்தனை கூட்டத்துக்கு நடுவில், "பெட்டி கட்டினா, ஒருத்தன் போயிட்டான். கெட்டிக்காரிதான்" என்றார். அழுதுகொண்டிருந்த பெண்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அடுத்து அவள் திருச்செந்தூருக்குப் பெட்டி கட்டியபோது இன்னொரு பங்காளி போனார். மைசூருக்குக் கட்டியபோது இன்னொருவர். வயதானவர்கள் நிறைந்த தெருவில் வருஷத்துக்கு ஒருவர் போவது அதிசயமே இல்லை. ஆனால் பெரியப்பா விடவில்லை. படுக்கையில் கிடக்கும் கிழவர்களைப் பார்க்க அவள் கஞ்சியோடு போனால், அவர்களே பயந்த குரலில், "ஏம்மா, எங்கயும் ஊருக்குக் கீருக்குப் போறியா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பரணில் கிடந்த பெட்டியைத் தூசி தட்ட இறக்கினால்கூட எதிர் வீட்டிலிருந்து குரல் வரும். "யாரும்மா இந்தத் தடவை? முன்கூட்டியே சொல்லிட்டா பந்தல்காரனுக்குச் சொல்லிடலாம்." அவள் பதில் சொன்னதில்லை. பெட்டியைத் துடைத்துத் திரும்ப மேலே வைத்துவிடுவாள்.

இத்தனைக்கும் தன் சந்தோஷத்துக்கு மட்டும் பெரியப்பா ஒரு தனிச் சட்டம் வைத்திருந்தார். சின்ன வயதில் ஒருநாள் மன்னார்குடியில் நாடகம் பார்க்க என்னை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். தூரத்தில் வரப்பு மேல் ஒரு ஆள் வேகமாக வருவது தெரிந்தது. தலையில் முண்டாசு இல்லை, கையில் எதுவும் இல்லை. துக்கம் சொல்ல வருகிற நடை. பெரியப்பா சைக்கிளைத் திருப்பி, கொல்லை வழியாக வாய்க்கால் கரையில் மிதித்து ஓடிவிட்டார். "காதுல விழுந்தாத்தான்டா தீட்டு. விழாத வரைக்கும் செத்தவன் உயிரோடதான் இருக்கான்" என்றார். நாடகத்தை விடிய விடியப் பார்த்தோம். இந்தக் கதையை நான் என் மனைவியிடம் எத்தனையோ முறை நடித்துக் காட்டியிருக்கிறேன். நல்ல கதை என்று நினைத்துத்தான் சொன்னேன்.

மேட்டூரில் தண்ணீர் இல்லாமல் குறுவை பொய்த்துப்போன ஒரு வருஷம். வயலில் வேலை இல்லை, கடையில் வியாபாரம் இல்லை. தண்ணீர் இல்லாத வருஷத்தில்தான் தண்ணீர் மேல் போக எங்களுக்கு நேரம் வாய்த்தது. மனைவி கும்பகோணத்தில் ஒரு டிராவல்ஸில் விசாரித்து, சென்னையிலிருந்து புறப்பட்டு மூன்று நாள் கடலில் சுற்றி வரும் கப்பலுக்கு இரண்டு டிக்கெட் போட்டுவிட்டு வந்து, அதற்குப் பிறகுதான் என்னிடம் சொன்னாள். "இந்த ஒரு தடவை. யார் போனாலும் நான் போவேன்" என்றாள். அந்தச் சமயத்தில் போகக்கூடியவர் பெரியப்பா ஒருவர்தான். நுரையீரல் முடிந்துவிட்டது, வீட்டுக்கே அழைத்துப் போங்கள் என்று தஞ்சாவூர் டாக்டர் அனுப்பிவிட்டார். கூடத்தில் கட்டில், பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர். மூச்சு போய்க்கொண்டிருந்ததே ஒழிய, நாக்கில் ஒரு குறையும் இல்லை.

கிளம்புவதற்கு முதல் நாள் சொல்லிக்கொள்ளப் போனோம். பெரியப்பா என்னைப் பார்க்கவே இல்லை, அவளைத்தான் பார்த்தார்.

"பெட்டி கட்டியாச்சா?"

"ஆச்சு மாமா."

"அப்ப நான் கிளம்ப வேண்டியதுதான். கப்பல் எங்கேருந்து?"

"மெட்ராஸ்லேருந்து."

அவர் முகம் மலர்ந்தது. "நாகப்பட்டணத்துல நின்னா நான் தோத்திருப்பேன். கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள ஏறிடுவீங்க. மெட்ராஸுன்னா அரை நாள் ரோட்டுலதானே கிடக்கணும்? எனக்கு அவசரமே இல்லை. நிதானமா சாவலாம்."

"பார்ப்போம் மாமா. நீங்க முந்தறீங்களா, நாங்க முந்தறோமான்னு" என்றாள் என் மனைவி.

இத்தனை வருஷத்தில் அவருடைய கிண்டலுக்கு அவள் சொன்ன முதல் பதில் அது. பெரியப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், அவருடைய மூத்த மகளான அக்கா ஓடிவந்து நெஞ்சைத் தடவிவிட்டபடி எங்களை முறைத்தாள். மூச்சு திரும்பியதும், "அப்படிப் போடு" என்றார் பெரியப்பா. பிறகு என்னைப் பார்த்து, "தீப்பெட்டி எடுத்துக்கிட்டுப் போடா, வழியில பழகிக்க" என்றார்.

கடல் எங்கள் ஊருக்கு ஒன்றும் தூரமில்லை. கருவாட்டு வாடை அடிக்கிற தூரத்தில்தான் இருக்கிறது. எட்டாத தூரத்தில் இருப்பது கப்பல்தான். விடியற்காலையில் வாடகைக் காரில் கிளம்பியதிலிருந்து எனக்கு அந்தத் தூரம் முழுவதும் பெரியப்பாவின் தூரமாகவே தெரிந்தது. ஒவ்வொரு ஊர்ப் பலகையும் அவர் இன்னும் மூச்சு விடுகிறார் என்று எழுதியிருப்பது போல இருந்தது. கும்பகோணம் தாண்டும்போது போன் அடித்தது. யூரியா வந்துவிட்டதா என்று ஒருவர் கேட்டார். சேத்தியாத்தோப்பில் மறுபடி அடித்தது. பர்சனல் லோன் வேண்டுமா என்று ஒரு பெண். வாழ்க்கையில் முதல் முறையாக அப்படிக் கேட்ட பெண்ணுக்கு, "நீ நல்லா இருக்கணும்மா" என்று மனதார வாழ்த்துச் சொன்னேன். பண்ருட்டியில் மூன்றாவது முறை அடித்தபோது போன் கை நழுவி டிரைவரின் காலடியில் போய் விழுந்தது. "கொடுங்க இங்க" என்று வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள் என் மனைவி. எனக்கு உயிர் வந்தது. காதில் விழாது, விழாத வரைக்கும் பெரியப்பா உயிரோடுதான் இருப்பார். அவருடைய சட்டம் கடைசியில் எனக்கும் பயன்பட்டுவிட்டதே என்று மனசுக்குள் அவருக்கே நன்றி சொல்லிக்கொண்டேன்.

திண்டிவனம் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். நான் பின்பக்கம் ஒதுங்கிவிட்டு வந்தபோது ஒரு லாரி காது கிழிய ஹாரன் அடித்துக்கொண்டு கடந்தது. பதறியடித்து வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். மனைவி ரோட்டோரம் நின்று போனைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரு?"

"யூரியா" என்றாள்.

அந்த மகிழ்ச்சியில் இன்னொரு வடை வாங்கித் தின்றேன். அவள் டீயைப் பாதியில் வைத்துவிட்டாள். அதுவரை குத்துப்பாட்டாகப் போட்டுக்கொண்டு வந்த டிரைவர் அதற்குப் பிறகு பாட்டே போடவில்லை. பாவம், தூக்கம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

துறைமுகத்தில் நின்ற வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு கோடம்பாக்கத்துத் தம்பதி. வீட்டில் சாப்பிட்டுவிட்டு, கேஸை மூடினோமா என்று பாதி வழியில் சந்தேகம் வந்து, திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்களாம். திரும்பிப் போகிற தூரத்தில் வீடு இருப்பது எப்பேர்ப்பட்ட சொகுசு என்று பொறாமையாக இருந்தது. என் போனைக் கேட்டேன். "சார்ஜ் போயிடுச்சு" என்றாள். கப்பலில் ஏறினோம், அறைக்குப் போனோம், அவள் தலைக்குக் குளித்தாள்.

அந்த மூன்று நாளில் நான் பார்த்த மனைவி எனக்கே புதியவள். விருந்துக் கூடத்தில் ஒரு தட்டு மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் ருசி பார்த்தாள். மேல் தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கரையே இல்லாத திசையைப் பார்த்தபடி மணிக்கணக்கில் நின்றாள். இரண்டாம் நாள் அந்தக் கோடம்பாக்கத்துக்காரர்களுக்கு நான் பெரியப்பா கதையை நடித்துக் காட்டினேன். கொடைக்கானல் பஸ், வாய்க்கால் கரை சைக்கிள், நிதானமா சாவலாம், எல்லாம். அவர் இருமுவது போலவே இருமி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தேன். பக்கத்து மேசைக்காரர்களும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். "இன்னொரு தடவை இருமிக் காட்டுங்க" என்று கேட்டார்கள். காட்டினேன். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் என் மனைவி. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

திரும்பி வந்து தெருவில் இறங்கியபோது எதிர் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பாவின் சின்ன மாப்பிள்ளை மொட்டைத் தலையோடு நின்றிருந்தார். எனக்கு வேறு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். திட்டுவாள் என்று பயந்தேன். அவள் எனக்குச் சமாதானம் சொன்னாள்.

"நீ என்னடா பண்ணுவே? பத்து மணி வாக்குல போயிட்டாரு. உடனே உனக்குப் போட்டேன். உன் பொண்டாட்டிதான் எடுத்தா. கப்பல் கிளம்பிடுச்சு அண்ணி, நடுக்கடல்ல இருக்கோம், திரும்ப முடியாதேன்னு அப்படி அழுதா. பின்னால ஹாரன் அடிச்சதே, எனக்கே நல்லாக் கேட்டுச்சு. ஏன்டா, கப்பல் ஹாரன் லாரி மாதிரியே இருக்குமா?"

"ஆமாக்கா, அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

என் மனைவி பக்கத்தில் தலையைக் குனிந்து நின்றிருந்தாள். கூட்டத்தில் யாரோ ஒரு கிழவி, "பெட்டி கட்டினா, பெரியவரே போயிட்டாரு" என்று முணுமுணுத்தது என் காதிலும் விழுந்தது, அவள் காதிலும் விழுந்தது.

மறுநாள் கொல்லையில் அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். என்ன கேட்பது என்று தெரியாமல் பக்கத்தில் போய் நின்றேன். கொடியில் புடவையை உதறிப் போட்டுக்கொண்டே அவளாகவே சொன்னாள். "காதுல விழுந்தாத்தானே தீட்டு? என் காதோட நிறுத்திக்கிட்டேன். ஏறினதும் தலை முழுகிட்டேன். உங்களுக்கு ஒண்ணும் ஒட்டலை. நல்லாத்தானே சிரிச்சீங்க?"

இப்போது தெருவில் யாரும் அவளைக் கிண்டல் செய்வதில்லை. சிவப்புப் பெட்டி பரணுக்குப் போகவில்லை, கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது. மூடியில் தண்ணீர் சொட்டிய இடம் மட்டும் வெளுத்திருக்கிறது. எதிர் வீடு பூட்டிக் கிடக்கிறது. உரக்கடையில் நான் வழக்கம்போல நக்கல் அடிக்கிறேன். யாராவது இருமினால் மட்டும் நிறுத்திக்கொள்கிறேன்.

பந்தயத்தில் ஜெயித்தவர் பெரியப்பாதான். அவர் போனது நாங்கள் திண்டிவனத்தைத் தாண்டிய நேரம். உடலை எடுத்தது அன்று சாயங்காலம், எனக்காகக் காத்திருந்து பிரயோஜனமில்லை என்று முடிவு செய்த பிறகு. அந்த டீக்கடையிலிருந்து காரைத் திருப்பியிருந்தால் எடுப்பதற்கு முன்னால் வீட்டில் இருந்திருப்பேன். கொள்ளி வைத்தது சின்ன மாப்பிள்ளை. கப்பல் ஹாரன் அடித்தது இருட்டிய பிறகு, ஒரே ஒரு முறை. அப்போது அவளுக்குத் தலை இன்னும் காயவில்லை.